நூற்றுப்பதினேழாம் கல்லின் நிழல்

"ஏங்க, இந்தச் சிலைக்கு மட்டும் நிழலே விழலை பாருங்க" என்று ஒரு பெண் தன் கணவனிடம் சொன்னது செண்பகத்தின் காதில் விழுந்தபோது காலை மணி பத்தரை இருக்கும். கணவன் ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்துக்கொண்டே, வெயில் உச்சிக்கு வந்திருக்கும் என்று நிமிர்ந்தும் பார்க்காமல் சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான். இருவரும் அருங்காட்சியகத்தின் பக்கம் நடந்து போய்விட்டார்கள். தினமும் லாஞ்சுப் படகில் வந்து இறங்குகிறவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் என்னென்னவோ பேசுவார்கள், அதெல்லாம் துடைப்பத்தின் சத்தத்தோடு கலந்து போகும். இது தமிழில் சொல்லப்பட்டதால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நேராக வந்து காதில் ஏறிவிட்டது.

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். வேப்ப மரத்துக்கு நிழல் இருந்தது. செங்கல்லால் சக்கரம்போலக் கட்டிய பழைய தூபிக்கு நிழல் இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் முயல் வடிவக் குப்பைத்தொட்டிக்கும், அவள் கையிலிருந்த துடைப்பத்துக்கும்கூட இருந்தது. சப்பணம் போட்டு, மூக்கு தேய்ந்து, தலை நிறையச் சுருள் சுருளாக முடி செதுக்கப்பட்டு உட்கார்ந்திருந்த அந்தக் கல் உருவத்தைச் சுற்றி மட்டும், இப்போதுதான் கழுவிவிட்ட தரைபோல நாலா பக்கமும் வெயில் பளீரென்று கிடந்தது.

அது நூற்றுப் பதினேழு. அந்தத் தெலுங்குச் சீமையில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டிய காலத்தில், தண்ணீர் ஏறி வருவதற்கு முன்னால், பள்ளத்தாக்கில் புதைந்து கிடந்த புத்த பிக்குகளின் மடங்களையும் தூபிகளையும் குளியல் துறைகளையும் ஒவ்வொரு கல்லாகப் பெயர்த்து, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதி, குன்றின் உச்சிக்குக் கொண்டுவந்து, எண் வரிசைப்படி மறுபடி அடுக்கினார்கள். அப்புறம் தண்ணீர் வந்து குன்றைச் சூழ்ந்துகொண்டது, குன்று தீவாகிவிட்டது. கல் உடைக்கத் தர்மபுரிப் பக்கமிருந்து வந்த ஆட்களில் கொஞ்சம் பேர் திரும்பிப் போகாமல் அணையின் அடிவாரத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வீட்டு வரிசைக்குத் தமிழ் லைன் என்று பெயர். செண்பகத்தின் மாமனார் மாதப்பன்தான் கற்களுக்கு எண் எழுதியவர். ஏழு எழுதும்போது அதன் காலுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுவார், ஒன்று என்று யாரும் தப்பாகப் படித்துவிடக் கூடாதென்று. எண் இல்லாத கல்லுக்குத் தன் இடம் தெரியாது என்பார். போய்ச் சேரும்வரை, வீட்டு அடுப்புக் கற்களுக்கும் எண் போட்டு வைத்திருந்தார்.

பதினான்கு வருஷமாகச் செண்பகம் அந்தத் தீவைப் பெருக்கிவந்தாள். நூற்றுப் பதினேழின் மூக்கிலிருந்து காக்காய் எச்சத்தைத் துடைப்பாள், சுருள் முடிகளின் இடுக்கில் சேர்ந்த தூசியைத் தென்னங்குச்சியால் நோண்டி எடுப்பாள், மழைக்காலத்தில் பாசியைத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். அதன் நிழலில் மட்டும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. மரியாதைக் குறைவு என்று நினைத்தாள். சோற்று டப்பாவைக் கழிப்பறைக் குழாயடிச் சுவரோரம் வைத்துத்தான் தின்றாள். லைனில் எல்லாமே பொது. குழாய் பொது, சுவர் பொது, பொங்கலுக்கு எடுக்கும் சேலைகூட ஓரகத்திகள் இருவருக்கும் ஒரே நிறம். யாருக்கும் பங்கில்லாமல் தனக்கென்று ஒன்று இருக்கிறது என்ற நினைப்போடுதான் அவள் தினமும் லாஞ்சில் ஏறுவாள்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. மகளிர் குழுவோடு அவளுடைய ஓரகத்தி புஷ்பலதா முதன்முதலாகத் தீவுக்கு வந்திருந்தாள். கொழுந்தன் மாதேசனின் மனைவி, செண்பகத்தைவிடப் பதினான்கு வயது இளையவள். வந்தவள் தூபியைச் சுற்றவில்லை, மடத்தைப் பார்க்கவில்லை. கால் வலிக்குது என்று நூற்றுப் பதினேழின் பீடத்தில் முதுகைச் சாய்த்து, எலுமிச்சைச் சோற்றை மொத்தமும் தின்று முடித்து, வாயைத் திறந்துகொண்டு கடைசி லாஞ்ச் வரைக்கும் தூங்கினாள். செண்பகம்தான் தோளை உலுக்கி எழுப்பிக் கூட்டிப்போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை, கல்லுக்கு நிழல் இல்லாததைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் செண்பகம் வீட்டுக்குப் போனபோது நிழல் அங்கே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே வாசல், நடுவில் எல்லையாக ஏழு கற்கள், அந்தப் பக்கம் புஷ்பாவின் பக்கம். அங்கே, மேலே மரமோ கூரையோ ஏதுமில்லாத வெறுந்தரையில், அகன்ற தோளும் தொங்கும் காதும் சுருள் முடியுமாக அது சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. புஷ்பா அதன் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நேத்திலேருந்து இங்கயேதான் இருக்குதுக்கா. நான் ஏதோ மேகம்னு நெனச்சேன்" என்றாள். மோர்ப்பானையை அதற்குள் அதன் முழங்காலோரம் வைத்திருந்தாள்.

எதிலும் அவள் இப்படித்தான். பால்காரர் அவள் செம்பில் ஊற்றும்போது மட்டும் கை கொஞ்சம் சாயும். செண்பகம் தீனி போட்டு வளர்த்த கோழிகள் அந்தப் பக்கம் போய் முட்டையிடும். அவள் எதையும் கேட்டு வாங்கியதில்லை. கேட்டிருந்தால் செண்பகத்துக்கு ஆறியிருக்கும்.

சித்திரை வெயிலில் அந்த ஊரின் பாறைகள் இட்லிச்சட்டிபோலக் கொதிக்கும். அணையின் மதகு திறக்கச் சங்கு ஊதினால், தண்ணீரின் சாரலாவது காற்றில் வராதா என்று சனங்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள். அப்படிப்பட்ட ஊரில் கிணற்றின் அடியாழம்போல் குளிர்ந்த ஒரு நிழல் வந்து உட்கார்ந்தால் அது என்ன, ஏது, எப்படி என்று விசாரிக்க யாருக்கு நேரம். முதலில் கோழிகள் போயின, பிறகு நாய் போயிற்று, மூன்றாம் நாள் தையற்காரர் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் வைத்த பால் திரியவில்லை, அதில் கிடத்திய குழந்தைகளுக்கு வேர்க்குரு மறைந்தது, அதில் உட்கார்ந்து சண்டையை ஆரம்பித்த புருஷன் பெண்டாட்டிகளுக்குப் பாதியில் எதற்குச் சண்டை என்று மறந்துபோனது. பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் புதன்கிழமை தனக்கு வேண்டும் என்று வந்து சொல்லிவிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி இது எந்த வகைச் சாமி, நம் தெருவில் இருக்கலாமா என்று தீர்ப்புச் சொல்ல வந்தவர், யோசிப்பதற்காக அதில் உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமலே போனார். கட்சிக்காரர் ஒருவர் திறப்பு விழா வைக்க ரிப்பனோடு வந்தார், எங்கே கட்டுவது என்று தெரியாமல் ரிப்பனைப் புஷ்பாவிடமே கொடுத்துவிட்டார். கர்ப்பிணிகளுக்கு முதலிடம், அடுத்தது கைக்குழந்தை, அடுத்தது பவர்ஹவுஸில் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்று பத்தே நாளில் ஒரு வரிசைமுறை ஏற்பட்டுவிட்டது. சூரியன் எங்கே போனாலும் நிழல் நகரவுமில்லை, நீளவுமில்லை. அது எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் முறை எப்போது என்றுதான் கேட்டார்கள்.

வந்தவர்கள் செருப்பைச் செண்பகத்தின் வாசற்படியில் கழற்றிவிட்டுப் போனார்கள். சில நாள் நாற்பது ஜோடி கிடந்தது. தீவில் நாளெல்லாம் பெருக்கிவிட்டு வருகிறவள், தன் வீட்டுக்குள் நுழைய ஊர்ச் செருப்பைக் காலால் ஒதுக்கி வழி செய்துகொள்ள வேண்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டது. புஷ்பாக்கா வீட்டு நிழல் என்று அதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. செண்பகத்தின் புருஷன் சென்றாயன் வேலை முடிந்து வந்தால் நேரே அந்தப் பக்கம் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, முகமெல்லாம் தெளிந்து, இந்தப் பக்கம் சாப்பிட வருவான். அவன் தட்டில் அவள் சோற்றைக் கரண்டியால் அடித்துப் போட்டாள்.

அவள் தன் பக்கத்தைச் சாணி தெளித்து மெழுகினாள். பச்சரிசிப் பொங்கல் வைத்து எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு வாழை இலையில் படைத்தாள். புஷ்பா ரேஷன் கடைக்குப் போன ஒரு பகலில், யாரும் இல்லாதபோது, நிழலைப் பார்த்து நின்று கேட்டாள்.

"உன் மூக்குல இருந்த காக்கா எச்சத்தத் தொடச்சது யாரு?"

நிழல் அப்படியே இருந்தது. மறுநாளிலிருந்து அவள் தினம் ஒரு சாண் என்று ஏழு கற்களையும் அந்தப் பக்கம் தள்ளிவைக்க ஆரம்பித்தாள். நிழலும் தினம் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டது. கற்கள் புஷ்பாவின் சுவரை நெருங்கியபோது அது சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டது, இப்பத்தான் பாவம் நல்லாச் சாஞ்சு உக்காந்திருக்குது என்று சனங்கள் சந்தோஷப்பட்டார்கள். இந்தக் கல்லுங்களுக்குக் கால் மொளச்சிருச்சு போலக்கா என்று புஷ்பா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குத்தலும் இல்லை.

செண்பகம் தொல்லியல் அதிகாரியிடம் போய், நூற்றுப் பதினேழின் நிழலைக் காணவில்லை என்று சொன்னாள். அவர் பதிவேட்டைப் புரட்டினார். உயரம் இருந்தது, அகலம் இருந்தது, மூக்கு சேதம் என்று இருந்தது, நிழலுக்கு என்று ஒரு பத்தி இல்லை. எண் போடாத பொருளுக்குத் துறை பொறுப்பில்லை அம்மா என்று அவர் மரியாதையாகவே சொன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று லைன் முழுக்கக் காலியாக இருந்த நேரத்தில், பரணிலிருந்து மாமனாரின் பெயின்ட் டப்பாவை இறக்கினாள். காய்ந்து கிடந்ததை மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினாள், அவருடைய பிரஷ்ஷையே எடுத்துக்கொண்டாள். கல்லைத் தாண்டி முதல்முறையாக அதற்குள் காலை வைத்தபோது, உள்ளங்காலில் ஏறிய குளிர்ச்சி முழங்கால் வழியாக வந்து நெஞ்சை நிறைக்கப் பார்த்தது. அது தனக்கு நல்லது செய்துவிடுவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டுமென்று பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்து, அதன் வலது தோளில் நூற்றுப் பதினேழு என்று எழுதிவிட்டு வெளியே குதித்தாள். பெயின்ட் தரையில் ஒட்டவில்லை. நிழல் சுவரோரம் லேசாக அசைந்தபோது எண்ணும் அதனோடு அசைந்தது.

எண் இருந்ததும் துறை வந்துவிட்டது. அதிகாரி இரண்டு ஆட்களோடும் ஒரு தார்ப்பாயோடும் வந்து, தோளைப் படித்து, எங்களுடையதுதான் என்றார். லைன் ஒரு நாள் கொதித்தது. மனு எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், தையற்காரர் மிஷினோடு நிழலில் மறியல் செய்தார். கொதித்தது மறுநாளே ஆறியும் போயிற்று, ஏனென்றால் நிழலைத் தூக்க முடியவில்லை. தார்ப்பாயில் சுருட்டினால் தார்ப்பாய் மட்டும் சுருண்டது. அதுவரை புஷ்பா எங்கே போனாலும் வாசலிலேயே இருந்த நிழல், அன்று அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனபோது எழுந்து அவள் பின்னாலேயே போயிற்று. அப்படியானால் அவளைக் கூட்டிப்போவோம் என்று முடிவாயிற்று. பெண்ணை மறுவீடு அனுப்புவதுபோல லைனே திரண்டு படித்துறைக்கு வந்து அவளை லாஞ்சில் ஏற்றியது. நிழலும் பலகையில் நடந்து ஏறியது. பயணிகள் எல்லாரும் நிழல் இருந்த பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்ததால் லாஞ்ச் சாய்ந்துவிட்டது, ஓட்டுநர் எல்லய்யா இரண்டு பாஷையிலும் திட்டிப் பாதிப் பேரை வெயிலுக்கு விரட்ட வேண்டியிருந்தது.

தீவில் அது ஒழுங்காகப் போய்த் தன் கல்லின் காலடியில் உட்கார்ந்தது. புஷ்பா வீட்டுக்குக் கிளம்பினாள், அதுவும் கிளம்பியது. மூன்று தரம் அப்படி நடந்த பிறகு, காலை ஒன்பது முதல் நான்கு வரை நூற்றுப் பதினேழின் அருகில் உட்கார்ந்திருக்கப் புஷ்பலதாவைத் தினக்கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நீல நாடாவில் கோத்த, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை ஒன்றும் அவளுக்குக் கொடுத்தார்கள். பதினான்கு வருஷமாகச் செண்பகம் கேட்டுக் கிடைக்காத அட்டை அது.

இப்போது அவள் தன் ஓரகத்தியைச் சுற்றிப் பெருக்கினாள். காலைத் தூக்கு என்பாள், புஷ்பா தூக்குவாள். லைன்காரர்கள் கைக்குழந்தைகளோடும் மோர்ப்பானைகளோடும் ஞாயிறு தவறாமல் தீவுக்கே வர ஆரம்பித்தார்கள். வந்ததும் புஷ்பாவிடம் நலம் விசாரித்தார்கள், போகும்போது குப்பையைச் செண்பகத்திடம் கொடுத்தார்கள். நிழல் வீட்டில் இருந்தவரை அவளுக்குத் தீவாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. யாரைக் குறை சொல்வது, எண் எழுதிய கை அவளுடையது.

ஒரு வியாழக்கிழமை, மறுநாள் வெள்ளி தீவுக்கு விடுமுறை என்பதால் கூட்டம் அதிகமாக இருந்த நாள், மத்தியானம் புஷ்பா தன் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிச் சுவருக்கு வந்தாள். நிழலும் வந்து, செண்பகத்தின் விரல்நுனிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"அக்கா, இது ஒங்களுக்கு வரவேண்டியது. எனக்குத் தெரியும்."

செண்பகம் சோற்றைப் பிசைந்தாள்.

"நம்பர் போட்டது யாருன்னும் அன்னிக்கே தெரியும். ஏழுக்குக் குறுக்க மாமா மாதிரியே கோடு இருக்குது. நான் எங்க வீட்டுக்காரருகிட்டகூடச் சொல்லல. போகட்டும் விடுங்க."

"எதப் போகட்டும்?"

"எனக்கு என்னக்கா இதுல. மொளகா காயவைக்க முடியல, தலை காயவைக்க முடியல, எந்நேரமும் சளி. வாங்க, இதுல வந்து உக்காருங்க. ரெண்டு பேருக்கும் எடம் இருக்குது. பாதி ஒங்களோடது."

அவள் மனசில் இருந்ததைத்தான் சொன்னாள். ஏதாவது ஒரு மூலையில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் இளக்காரம் இருக்காதா என்று செண்பகம் அந்த முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள். இல்லை. திருடிக்கொண்டவளை மன்னிக்கலாம், மன்னிக்கிறவளை என்ன செய்வது. மடத்துப் பக்கம் வேலை கிடக்கு என்று சொல்லிவிட்டு, பாதிச் சோற்றைக் காக்காய்க்கு வீசிவிட்டு எழுந்தாள்.

தீவில் ராத்திரி யாரும் தங்கக் கூடாது, காவலாளிகூடக் கிடையாது. வந்தவர்கள் அத்தனை பேரும் கடைசி லாஞ்சில் திரும்பியாக வேண்டும். எல்லய்யாவுக்கு நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லை, செண்பகம்தான் அவருக்கு நோட்டு. இறங்குகிறவர்களை அவள் எண்ணி வைத்துக்கொள்வாள், சாயங்காலம் ஏறுகிறவர்களை எண்ணிச் சரியாக இருந்தால் சொல்வாள், அவர் எஞ்சினைக் கிளப்புவார். ஒரு தலைகூட அவள் கணக்கில் தப்பியதில்லை. முந்தைய லாஞ்சுகளில் திரும்பியவர்கள் போக, அன்று கடைசி லாஞ்சுக்குத் தன்னையும் புஷ்பாவையும் சேர்த்து அறுபத்து மூன்று பேர் மீதி.

நாலு மணிக்கு அவள் விசிலை ஊதிக்கொண்டு மடம், தூபி, அருங்காட்சியகம் என்று ஒரு சுற்று வந்தாள். சனங்கள் படியிறங்கிப் போனார்கள். நூற்றுப் பதினேழின் அருகே வந்தபோது புஷ்பா, கல்லின் முழங்காலில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சுக்கு மூச்சு நீல நாடாவில் அடையாள அட்டை ஏறி இறங்கியது. தூக்கத்தில் காலை நீட்டியிருந்ததால் பாதங்கள் இரண்டும் நிழலுக்கு வெளியே மேற்கு வெயிலில் கிடந்தன.

செண்பகம் எழுப்பத்தான் குனிந்தாள். தோள்மேல் கை வைக்கப் போகும்போது, எந்தச் சூரியனுக்கும் நகராத அந்த நிழல், எழுந்து உட்காரும் கிழவரைப்போல மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்தது. தன் கையை நீட்டிப் புஷ்பாவின் பாதங்களின் மேல் போர்த்தியது. தோளிலிருந்த வெள்ளை எண் செண்பகத்தின் கண்ணெதிரே ஒரு சாண் கீழிறங்கி நின்றது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். விசிலை மறுபடி ஊதவில்லை. துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, படிகளில் இறங்கி, ஏறிக்கொண்டிருந்த கடைசி ஆட்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஒரு கிழவி ஏறுவதற்குக் கை கொடுத்தாள்.

எல்லய்யா எஞ்சின் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"அறுபத்தி மூணாம்மா?"

"அறுபத்தி மூணு" என்று சொல்லிவிட்டுச் செண்பகம், படித்துறைக் கட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்து, சுருட்டி, லாஞ்சுக்குள் போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.